நமக்குப் பின் அவர்கள் எங்கே வாழ்வார்கள்?

எழுபதைக் கடந்த தாய், நாற்பதைத் தாண்டிய மகனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் காட்சியை நீங்களும் கண்டிருக்கக் கூடும். “என் கண் மூடிய பின் இவனுக்கு யார்?” என்பதே அத்தாயின் ஓயாத கவலை.

“தம்பி பார்த்துக்கொள்வான்” என உறவினர் ஆறுதல் கூறுவர். தம்பியிடம் யாரேனும் அமர்ந்து பேசியதுண்டா? அன்றாடம் பணிவிடை செய்யவேண்டியவர் பெரும்பாலும் அவர் மனைவி. அப்பெண்ணின் மனம் அறியப்பட்டதா? பேசாமல் தள்ளிப்போட்டதன் விளைவை அந்த மகனே அனுபவிக்கிறான். தாய் மறைந்த சில நாட்களிலேயே முன்பின் அறியாத ஒரு விடுதியில் விடப்படுகிறான். தாயையும் பழகிய வீட்டையும் ஒருங்கே இழக்கிறான்.

அறிவுசார் குறைபாடு மனநோய் அன்று; மருந்தால் மாறுவதும் அன்று. ஆயினும் பொறுமையாகப் பழக்கினால் இவர்களுள் பலர் தாமே குளிப்பர், உடுத்துவர், எளிய தொழிலும் செய்வர். ஆகவே எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. உடன்பிறந்தாரோடு வீட்டிலேயே வாழ்ந்து, பகலில் மட்டும் பயிற்சி மையம் சென்று வருவது ஒரு வழி. சிலர் சேர்ந்து, உதவியாளர் துணையுடன் சாதாரணத் தெருவில் வாழும் சிறு குழு இல்லம் மற்றொன்று. இடையறாப் பராமரிப்பு வேண்டுவோர்க்கு உறைவிட நிலையங்கள் உள்ளன. இங்கிலாந்தில் இத்தகையோரைப் பெரிய மருத்துவமனைகளில் ஆயுள் முழுதும் அடைத்து வைத்திருந்தனர். 1971-இல் அந்நாட்டு அரசு அக்கொள்கையைக் கைவிட்டு, ஊருக்குள் வாழவைக்க முனைந்தது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை உறுதி செய்கிறது.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், சட்டத்தின் பார்வையில் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளரை நியமிக்கலாம். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். காப்பாளர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். தவறிழைத்தால் அவரை நீக்கவும் வழியுண்டு. பேசத் தெரியாதவரின் பங்கை எவரும் விழுங்கிவிடாதிருக்க இது ஒரு வேலி.

இல்லம் தேடுவோர் கட்டடத்தின் பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். சமையற்கட்டையும் கழிப்பறையையும் பாருங்கள். குடும்பத்தார் விரும்பியபோது வந்து காண அனுமதி உண்டா? பெண்களுக்குப் பெண் பணியாளர்கள் இரவிலும் இருக்கின்றனரா? பகற்பொழுதில் என்ன வேலை தருகின்றனர்? இவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் ஒரு பகல், பின்னர் ஓர் இரவு, பின்னர் ஒரு வாரம் என அந்த வீட்டில் தங்கிப் பழகட்டும். தன் தட்டையும் போர்வையையும் உடன் கொண்டு செல்லட்டும். அவருக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறது என்று அவரையே கேளுங்கள். சொல்லத் தெரியாவிடினும் முகம் சொல்லும்.

இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகள் அனைவரையும் அழைத்து உட்காரவைத்து இப்பேச்சைத் தொடங்குங்கள். அவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இது அவருடைய வாழ்வைப் பற்றிய பேச்சு.