கடைசி ஐந்து மீட்டர்

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 18. மெக்சிகோவின் கொசுமெல் தீவை ஒட்டிய சாங்கனாப் பவளப்பாறைப் பகுதியில், ஒரு தாய் தன் இரண்டு மகன்களோடும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடும் ஸ்கூபா டைவிங் முடித்துவிட்டு மேலே வந்தார். பெயர் கிர்ஸ்டி மக்கால், வயது 41. தன் பாடல்களைத் தானே எழுதிப் பாடிய ஆங்கிலப் பாடகி. 'தி போக்ஸ்' இசைக்குழுவோடு 1987-இல் அவர் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரிட்டனில் இன்றும் ஒலிக்கிறது. லத்தீன் இசையில் தோய்ந்த அவருடைய புதிய ஆல்பம் அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது.

தண்ணீருக்கு மேலே தலை வந்ததும், விசைப்படகு ஒன்று தங்களை நோக்கிச் சீறி வருவதை அவர் பார்த்துவிட்டார். மகன்களில் ஒருவன் படகின் பாதையிலேயே இருந்தான். அவனைத் தள்ளிவிட்டார். பையன் சிறு காயங்களோடு பிழைத்தான். தாய் அந்த இடத்திலேயே இறந்தார்.

அது விசைப்படகுகள் நுழையவே கூடாத பகுதி. டைவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்கூபா என்றதும் நமக்குப் பயம் எல்லாம் ஆழத்தைப் பற்றித்தான். சுறா வருமா, காற்று தீர்ந்துபோகுமா, காது அடைக்குமா என்று கேட்போம். இவற்றுக்கெல்லாம் பயிற்சி இருக்கிறது, கருவி இருக்கிறது, பக்கத்தில் ஒரு துணையும் இருக்கிறார். ஆனால் முப்பது மீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருந்த ஒருவர், மேல்மட்டத்துக்கு வரும் கடைசி ஐந்து மீட்டரில், தன்னைப் பார்க்காத, தன்னைப் பற்றித் தெரியாத, ஒருவேளை தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லாத ஒரு படகோட்டியின் கையில் உயிரைக் கொடுத்துவிடுகிறார். அந்தப் படகோட்டிக்கு இவர் பெற்ற பயிற்சி எதுவும் கிடையாது.

கடலுக்கடியில் படகுச் சத்தம் கேட்காதா? நன்றாகவே கேட்கும். எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாய்கிறது. காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகம். தரையில் ஒரு சத்தத்தின் திசையை நாம் கண்டுபிடிப்பதற்கு முக்கியமான காரணம், அது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசம். மூளை அதைக் கணக்கிட்டு இந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறது. தண்ணீருக்குள் அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உள்ளே புகுகிறது. இன்ஜின் இரைச்சல் நாலா பக்கமும் இருந்து வருவதுபோல் இருக்கும். படகு அரை கிலோமீட்டருக்கு அப்பால் கடந்து போகிறதா, நேராகத் தலைக்கு மேலே வருகிறதா என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. படகுகள் சதா போய்வரும் இடத்தில் டைவ் செய்து பழகியவர்கள் ஒரு கட்டத்தில் அந்த இரைச்சலைப் பொருட்படுத்துவதையே விட்டுவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து.

சத்தம் கேட்டதும் சட்டென்று மேலே வந்து எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது அடுத்த பாடம். அந்த மூன்று நிமிடத்தை அலுப்போடு கைக்கடிகாரத்தைப் பார்த்தே கழிப்பவர்கள் உண்டு. உண்மையில் மேலே நிமிர்ந்து பார்க்கவும், சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று காது கொடுக்கவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. சிறு படகின் விசிறி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே சுற்றினால் அதிகம். ஐந்து மீட்டரில் இருப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வா என்று பயிற்சியில் சொல்வதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. நிதானமாக மூச்சு விடுபவர் அந்த மிச்சக் காற்றில் பத்து நிமிடத்துக்கு மேல்கூட அங்கேயே காத்திருந்து, படகு போன பிறகு வரலாம். காற்றைக் கடைசி வரை உறிஞ்சிவிட்டு வருபவருக்கு அந்த வசதி இல்லை. இன்ஜின் சத்தம் கேட்டாலும் அவர் மேலே வந்தே ஆக வேண்டும்.

மேலே வந்த பிறகு? பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பித்தான் டைவர் மிதக்கிறார். மறுபடி முங்க வேண்டுமானால் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி. இந்தக் கோலத்தில் முழு மூச்சாக நீந்தினாலும் நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம். 20 நாட் வேகத்தில் வரும் படகு நொடிக்குப் பத்து மீட்டர் கடக்கிறது. இருநூறு மீட்டர் தூரத்தில் படகைப் பார்த்துவிட்டாலும் கையில் இருப்பது இருபது நொடி. அதற்குள் பத்து மீட்டர் நகரலாம். படகு அதே பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும்.

படகிலிருந்து பார்ப்பவருக்கு டைவரின் தலை, அலையில் மிதக்கும் ஒரு தேங்காய். கறுப்பு உடையும் கறுப்பு முகமூடியும் அணிந்திருந்தால் அதுகூட இல்லை. வேகமெடுக்கும்போது படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு நேர் எதிரே உள்ள தண்ணீர் மறைந்துவிடும். மாலை வெயில் எதிரில் அடித்தால் மிச்சமும் போச்சு. நிமிடத்துக்கு 3,200 முறை சுழலும் மூன்று இதழ் விசிறி நொடிக்கு 160 வெட்டு வெட்டும். இதற்கு மேல் இதை விவரிக்க வேண்டியதில்லை.

வேற்றுப் படகு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. சொந்தப் படகும்தான். ஏறுவதற்கான ஏணி பெரும்பாலும் படகின் பின்பக்கம் இருக்கும், விசிறியும் அங்கேதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது டைவர் ஏணியைப் பிடிக்கிறார். கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது என்பார் ஓட்டுநர். ஓர் அலை தள்ளியதில் அவர் கை பட்டுக் கியர் விழுந்தால் போதும். ஆள் ஏறும்போது இன்ஜினை அணைத்துவிட வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு காரியத்தைச் செய்யச் சில இடங்களில் அப்படி ஒரு சோம்பல்!

கொசுமெல் போன்ற இடங்களில் படகு நங்கூரம் போட்டு நிற்பதில்லை. நீரோட்டம் டைவர்களை இழுத்துச் செல்ல, படகு மேலே அவர்களுடைய காற்றுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடரும். கடல் கொஞ்சம் கொந்தளித்தால் குமிழி தெரியாது. டைவர்கள் ஓரிடத்தில் எழும்புவார்கள், படகு வேறோரிடத்தில் நிற்கும், இடையில் வேறு படகு ஒன்று புகுந்து போகும். முன்பு மன்னார் வளைகுடாவில் கல்லைப் பிடித்து முங்கி முத்துக் குளித்தவர்களுக்கு மேலே, படகில், கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஆள் நின்றார். கீழே இருப்பவர்மீது கவனம் வைப்பதைத் தவிர அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. நவீன டைவ் படகில் அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் கையில் செல்போன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொடி இருக்கிறதே என்பார்கள். இரண்டு கொடிகள் இருக்கின்றன. ஒன்று, சர்வதேசச் சமிக்ஞை விதிகளின்படியான 'ஆல்ஃபா' கொடி: பாதி வெள்ளை, பாதி நீலம், ஓரத்தில் பிளவு. என் படகின் கீழே டைவர் இருக்கிறார், விலகி மெதுவாகப் போ என்று அதற்குப் பொருள். டைவ் படகு சிறியதாக இருந்தாலும், ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமுள்ள, அந்தக் கொடியின் விறைப்பான மாதிரியை எல்லாப் பக்கமும் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது கடல் போக்குவரத்து விதி. மற்றொன்று, சிவப்பில் வெள்ளைப் பட்டை குறுக்கே போகும் கொடி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டென்சல் டாக்கரி என்ற முன்னாள் கடற்படை வீரர் 1956-இல் உருவாக்கியது. இன்று டீ ஷர்ட்டில், கார் கண்ணாடியில், கடை வாசலில் என்று எங்கு பார்த்தாலும் இருக்கிறது. கடலில் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நாள் முழுக்கக் கொடியைப் பறக்கவிடும் டைவ் படகுகளும் இந்த அலட்சியத்துக்குக் காரணம். எப்போதும் பறக்கும் கொடி எதையும் சொல்வதில்லை.

ஃபுளோரிடா மாநிலச் சட்டம் இதில் தெளிவானது. டைவர் தண்ணீரில் இருக்கும்போது மட்டுமே கொடி பறக்க வேண்டும், ஏறியதும் இறக்கிவிட வேண்டும். திறந்த கடலில் 300 அடி, ஆறு, கால்வாய்களில் 100 அடி தள்ளிப் போகப் படகுகள் முயல வேண்டும். அதற்குள் வந்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜின் முனகும் வேகத்தில் வர வேண்டும். டைவர்களும் கொடியிலிருந்து அதே தூரத்துக்குள் இருக்க முயல வேண்டும். இரண்டு பக்கமும் கடமை வைத்தது நியாயம்.

அதே ஃபுளோரிடாவில் இன்னொரு ஜீவன் இருக்கிறது. மனாட்டி. நம் பாக் நீரிணையில் இருக்கும் கடற்பசுவின் உறவு. மூச்சு விட மேலே வரும்போது படகில் அடிபட்டு அடிபட்டு, முதுகில் விசிறி வெட்டிய தழும்பு இல்லாத மனாட்டியைப் பார்ப்பது அரிது என்னும் நிலை. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மனாட்டியையும் அடையாளம் காண்பதே அந்தத் தழும்புகளை வைத்துத்தான். மனாட்டி கொடி கட்டாது, விசில் ஊதாது. அதனால் அங்கே படகுகளுக்கு வேகக் கட்டுப்பாட்டு மண்டலங்களை வகுத்தார்கள். மனிதருக்கும் அதுதான் சரியான மருந்து என்பது என் கட்சி. டைவரை எச்சரிக்கையாக இரு என்று சொல்வது அவசியம்தான். ஆனால் மெதுவாகப் போகும் படகு டைவரைப் பார்க்கவும் செய்யும், பார்க்காவிட்டாலும் டைவர் விலகிக்கொள்ள நேரம் கொடுக்கும். கொடி, மிதவை, விசில், சைகைக் கண்ணாடி எல்லாம் வேகத்துக்கு அடுத்துத்தான்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? கிர்ஸ்டி மக்கால் வழக்கு அதற்கும் பதில் சொல்கிறது. மோதிய படகு மெக்சிகோவின் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒன்றின் தலைவருக்குச் சொந்தமானது. படகு ஒரு நாட் வேகத்தில்தான் போனது என்றது அவர்கள் தரப்பு. ஒரு நாட் என்பது மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. குழந்தைகூட அதைவிட வேகமாக நடக்கும். நேரில் பார்த்தவர்கள் படகு அதைவிட எவ்வளவோ வேகமாக வந்தது என்றார்கள். படகில் வேலை பார்த்த ஊழியர், நான்தான் ஓட்டினேன் என்று பொறுப்பேற்றார். அதையும் சாட்சிகள் மறுத்தார்கள். அவருக்கு இரண்டு ஆண்டு பத்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குப் பதிலாக 1,034 பெசோ அபராதம் கட்டினால் போதும் என்றும் ஆயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 61 பவுண்டு. கிர்ஸ்டியின் தாய் ஜீன், மகளுக்கு நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2006-இல், வழக்கைக் கையாண்ட அரசு வழக்கறிஞர் ஒருவர் தவறிழைத்தார் என்ற முடிவு வந்தது. 2009-இல் அந்தப் போராட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது.

ஆகவே டைவர் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் வேண்டும். இதில் பெரிய உதவி எஸ்.எம்.பி. என்று டைவர்கள் சொல்லும் மிதவை. ஐந்து மீட்டரில் நிற்கும்போதே காற்று நிரப்பி, நூலோடு மேலே அனுப்பினால், தண்ணீருக்கு மேல் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் வரப்போகும் இடம் நீங்கள் வருவதற்கு முன்பே மேலே தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று: அதன் நூல் சுற்றிய ராட்டையை உடம்போடு கொக்கி போட்டு மாட்டிவிடாதீர்கள். ஏதாவது படகின் விசிறியில் நூல் சிக்கினால் உங்களையும் சேர்த்து இழுத்துவிடும். கையில் பிடித்திருந்தால் விட்டுவிடலாம்.

இப்போது நம்மவர்களும் புதுச்சேரி, அந்தமான், நேத்ராணி, திருகோணமலை என்று டைவிங்குக்குக் கிளம்பிவிட்டார்கள். நல்ல விஷயம். அந்தக் கடல்களில் மீன்பிடிப் படகுகளும் ஓடுகின்றன. அவை அங்கே ஓடுவது அவர்களின் பிழைப்பு. நாம்தான் புதிதாகப் போனவர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் டைவ் நடக்கிறது என்று டைவிங் நிறுவனங்கள் அந்தந்தக் கரையின் மீனவர்களோடு பேசிவைத்துக்கொள்வதும், அந்த நீல வெள்ளைக் கொடிக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சொல்வதும் எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

பணம் கட்டும் முன்பு நீங்களும் கேளுங்கள். கொடி எங்கே இருக்கிறது? நாங்கள் கீழே இருக்கும்போது மேலே யார் பார்த்துக்கொண்டிருப்பார்? வழிகாட்டியிடம் மிதவை இருக்கிறதா? ஏணியில் ஏறும்போது இன்ஜினை அணைப்பீர்களா? இவற்றுக்கு நேரான பதில் வராமல் சிரிப்பும் மழுப்பலும் வந்தால், முன்பணம் போனாலும் போகட்டும், அந்தப் படகில் ஏறாதீர்கள்.