உளுந்து வேர் இடங்கொடுத்தால்தான் ரைசோபியம் முடிச்சுப் போடும்

உளுந்து விதையுடன் ரைசோபியம் கலந்து விதைத்தும் வேரில் முடிச்சே காணோம் என்று குறைப்படும் விவசாயிகள் உண்டு. பொட்டலத்தில் சரக்கில்லை என்பது அவர்கள் முடிவு. நாட்பட்ட பொட்டலமும் வெயிலில் கிடந்த பொட்டலமும் விவசாயிகள் கைக்கு வருவது உண்மைதான். ஆனால் பொட்டலம் நன்றாக இருந்தும் முடிச்சு வராமல் போவதுண்டு. ரைசோபியம் வேருக்குள் தானாகப் புகுந்து கொள்ளும் உயிரன்று. பயிர் இடங்கொடுத்தால்தான் அது உள்ளே போக முடியும்.

உளுந்து வேரைச் சுற்றியுள்ள மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வேரழுகல், வாடல் நோய்களை உண்டாக்கும் பூசணங்களும் அவற்றில் அடங்கும். இவற்றை இனங்கண்டு தடுக்கும் எதிர்ப்புச் சக்தி வேருக்கு உண்டு. பூசணத்தின் மேற்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதன் சிறு துணுக்கு பட்டாலே போதும், வேரின் செல்கள் தம் சுவரைத் தடிப்பாக்கி, பூசணத்தைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கத் தொடங்கும். பாக்டீரியாக்களையும் பயிர் இவ்வாறே அடையாளம் காண்கிறது. ரைசோபியமும் பாக்டீரியாதான். அதை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது?

மண்ணில் தழைச்சத்து குறைவாக இருக்கும்போது பயறுவகைப் பயிரின் வேர் ஃபிளாவனாய்டு என்னும் பொருள்களைக் கசிய விடுகிறது. அருகிலுள்ள ரைசோபியம் அதை உணர்ந்து, பதிலுக்கு ஒரு பொருளைச் சுரக்கிறது. விஞ்ஞானிகள் இதை முடிச்சுக் காரணி என்பர். வியப்பு என்னவென்றால், இதன் நடுத்தண்டும் கைட்டினைப் போன்றதே! கொழுப்பு அமிலம் ஒன்று வால்போல ஒட்டியிருப்பதும், பக்கத்தில் வேறு சில சிறு பகுதிகள் இருப்பதுமே வேறுபாடு. பகைவனையும் நண்பனையும் பயிர் பிரித்தறிவது இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டுதான்.

அடையாளம் சரியாக இருந்தால் வேர்த்தூவி கொக்கிபோல் சுருண்டு ரைசோபியத்தைப் பிடித்துக் கொள்ளும். பிறகு உள்நோக்கி ஒரு மெல்லிய குழலை அமைத்து, அதன் வழியே நடத்திச் செல்லும். செல்லுக்குள் சேர்ந்த பின்னும் பயிர் தன் சவ்வாலேயே அதைச் சுற்றி மூடி வைக்கிறது. வீட்டுக்குள் வந்த விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்துவது போலத்தான். முடிச்சுக்குள் மட்டும் எதிர்ப்பு அடங்கியிருக்கும். வேரின் மற்றப் பகுதிகளில் காவல் தளர்வதில்லை. வேலை செய்யாத விருந்தாளிக்குச் சோறும் இல்லை. சோயா மொச்சையில் முடிச்சுகளுக்குக் காற்றிலுள்ள நைட்ரஜன் கிடைக்காதபடி செய்து சோதித்தபோது, அம்முடிச்சுகளில் ரைசோபியத்தின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியவை உண்டு. ஒரு பயிருக்குரிய அடையாளம் எல்லாப் பயிர்களுக்கும் செல்லாது. கொண்டைக் கடலைக்கோ சோயாவுக்கோ தயாரித்த பொட்டலத்தை உளுந்துக்குக் கலப்பது வீண் செலவு. வாங்கும்போதே பயிரின் பெயரையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது யூரியா. மண்ணில் தழைச்சத்து மிகுந்திருந்தால் பயிருக்கு இந்த விருந்தாளி தேவையில்லை. முடிச்சு விடுவதைத் தானே குறைத்துக் கொள்ளும். இறவை உளுந்துக்கு அடியுரமாக எக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து போதும். இளம்பயிர் சற்று வெளுத்ததும் மேலும் யூரியா தூவும் வழக்கம்தான் பல வயல்களில் முடிச்சைக் கெடுக்கிறது. மணிச்சத்தை மட்டும் குறைக்கக் கூடாது. எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து வேண்டும்.

ஏக்கருக்குரிய 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதுமானது. நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கரைத்து, விதையில் சீராகப் படும்படி புரட்டி, நிழலில் 15 நிமிடம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். சூடான கஞ்சியில் கலந்தால் அத்தனையும் செத்துவிடும். பூசண மருந்து கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும்.

பலன் தெரிந்ததா என்பதை 30 முதல் 35 நாள் பயிரில் பார்க்கலாம். செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு பெயர்த்தெடுத்து நீரில் அலச வேண்டும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது வேலை செய்யும் முடிச்சு. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் தழைச்சத்து சேரவில்லை என்று பொருள். வேரோடு வேராகப் பருத்து, தனியே உதிராத வீக்கங்கள் ரைசோபிய முடிச்சுகள் அல்ல; அவை நூற்புழு தாக்கியதன் அடையாளம்.