மழை விட்ட பின் வரும் காய்ச்சல்

பினாங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடிமலையும் கடற்கரையும் தண்ணீர்மலைக் கோயிலுமே ஆகும். ஆனால், 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி தொடங்கி மறுநாள் வரை கொட்டித் தீர்த்த மழையை அம்மாநில மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சில இடங்களில் 24 மணி நேரத்திற்குள் 250 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. ஜோர்ஜ் டவுனின் தாழ்வான பகுதிகளும் செபராங் பிறையின் பல கம்பங்களும் இரவோடு இரவாக நீரில் மூழ்கின. எழுவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. மீட்புப் பணிக்கு இராணுவத்தினரும் வரவழைக்கப்பட்டனர்.

மழை நமக்குப் புதிதன்று. அது பெய்யும் முறைதான் மாறிவருகிறது. பூமியின் சராசரி வெப்பம் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகமான நீராவியைத் தாங்கிக்கொள்ளும். அவ்வாறு சேர்ந்த நீர் ஒரே மூச்சில் கொட்டும்போது வாய்க்கால்கள் அதனைத் தாங்குவதில்லை. கடல் பெருக்கெடுக்கும் வேளையில் மழையும் சேர்ந்துவிட்டால், சுங்கை பினாங்கு ஆற்று நீர் கடலுக்குள் இறங்க வழியின்றி ஊருக்குள் திரும்புகிறது.

வெள்ளத்தில் இறந்தோர் தொகையை நாம் செய்தித்தாளில் படித்து வருந்துகிறோம். வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வீடுகளில் தலைகாட்டும் காய்ச்சலை அந்த மழையோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

முதலில் எலிக் காய்ச்சலைப் பார்ப்போம். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி, தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் பல நாள் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு வெட்டுக்காயமே அது உடலுக்குள் நுழையப் போதுமானது. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் மிகுதி என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். சேற்றில் இறங்குவோர் முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிதல் வேண்டும். காய்ச்சல் கண்டு மருத்துவரிடம் செல்லும்போது, "வெள்ளத்தில் நடந்தேன்" என்றோ "காட்டில் வேலை செய்தேன்" என்றோ சொல்ல மறக்கக்கூடாது. 2010ஆம் ஆண்டு இறுதி முதல், இந்நோயைக் கண்ட மருத்துவர் அதனைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டியது கட்டாயமாக இருந்துவருகிறது.

அடுத்தது டிங்கிக் காய்ச்சல். இதற்கும் பினாங்குக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. மலாயாவில் இக்காய்ச்சல் பரவியது குறித்த முதல் மருத்துவக் குறிப்பு, 1902ஆம் ஆண்டில் பினாங்கைப் பற்றி ஸ்கே என்பவர் எழுதியதேயாகும். இரத்தக் கசிவோடு கூடிய கொடிய வகை டிங்கியும் 1962ஆம் ஆண்டில் பினாங்கில்தான் முதன்முதலாகக் காணப்பட்டது. கப்பல்கள் வந்துபோகும் துறைமுக நகருக்கு நோயும் முதலில் வந்து சேர்ந்தது வியப்பன்று. 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,30,101 பேர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் மாண்டனர்.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீரையே அது விரும்புகிறது. பெருமழை முதலில் கொசுப்புழுக்களை அடித்துச் சென்றுவிடும். ஆகையால், வெள்ளம் வந்த வாரத்தில் கொசு குறைந்திருப்பதைக் கண்டு நாம் ஏமாந்துவிடுகிறோம். மழை ஓய்ந்த பின் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி ஆகியவற்றில் நீர் தங்குகிறது. ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். வெப்பம் கூடினால் இக்காலம் இன்னும் குறுகும். கொசுவின் உடலுக்குள் நோய்க்கிருமி முதிர்ச்சியடையும் காலமும் அவ்வாறே குறுகும்.

ரப்பர் தோட்டங்களில் இன்னுமொரு தொல்லை உண்டு. மழை நாளில் பால்வெட்டு நின்றுவிடுகிறது. ஆனால் மரத்தில் கட்டிய பால் மங்குகள் மழைநீரை ஏந்தியபடியே நிற்கின்றன. ஒரு நிரையில் எத்தனை மரம், ஒரு மலைக்காட்டில் எத்தனை நிரை என்று எண்ணிப் பார்த்தால் எத்தனை கொசுத் தொட்டிகள் என்பது புலப்படும். வெட்டு இல்லாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது நல்லது. விலை குறைந்து வெட்டாமல் விடப்பட்ட சிறுதோட்டங்களே இதில் பெருங்குற்றவாளிகள்.

மழையில்லாக் காலமும் நமக்குப் பாதுகாப்பானதன்று. குழாயில் நீர் நின்றுவிடும் என்று கேள்விப்பட்டதும் நாம் வீட்டிலுள்ள பீப்பாய், குடம், வாளி அனைத்தையும் நிரப்பி வைக்கிறோம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் நிலையத்தின் பழுதுபார்ப்புக்காகப் பினாங்கில் நான்கு நாள் நீர்த்தடை அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஐந்தரை இலட்சத்திற்கும் மேலான குடும்பங்களும் கடைகளும் இவ்வாறே நீரைச் சேமிக்க வேண்டியதாயிற்று. சேமிப்பது தவறன்று, மூடாமல் வைப்பதே தவறு. நீரைக் கொட்டிவிட்டாலும், பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அபேட் மருந்து கிடைக்குமாயின், 10 லிட்டர் நீருக்கு ஒரு கிராம் வீதம் இடலாம்.

புகை மருந்து அடித்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். பீப்பாயில் நெளியும் புழுவை அது தொடுவதில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். 1998 ஏப்ரலில் பெர்லிசின் சூப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் வெப்பத்தின் கடுமையால் கெடாவிலும் பெர்லிசிலும் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைத்தது. குலை வெட்டும் பெற்றோருக்கு யார் விடுமுறை தருவார்? அத்தகைய நாள்களில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துவதும், கடும் வேலையை நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்வதும் அவசியம். வேலையிடத்தில் ஒருவர் தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ, அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறியபடி மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, அது டிங்கியாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது; அது இரத்தக் கசிவை மிகுவிக்கும். பாராசிட்டமோல் கொடுக்கலாம். நீர், கஞ்சி, பழச்சாறு ஆகியவற்றை நிறையக் குடிக்கச் செய்யவேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும்போது, "குணமாகிவிட்டது" என்று மகிழ்ந்து பிள்ளையைத் தனியே விட்டு வேலைக்குப் போய்விடக்கூடாது. டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.