உருகும் இறப்பர்

கிளிநொச்சிக் கடைகளில் தொங்கும் சப்பாத்துகள் சிலவற்றின் அடி ‘ரீ.பீ.ஆர்’ எனும் இறப்பர். ரயரைப் போல இதுவும் நீளும், மீளும்; ஆனால் சூடாக்கினால் உருகும். ஏன்?

ரயரில் மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் நிரந்தரமாகப் பிணைக்கிறது. இதிலோ ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும் மென்மையான பொலிபியூட்டாடையீன், இரு முனைகளிலும் விறைப்பான பொலிஸ்டைரீன். இரண்டுக்கும் ஒத்துவராது, ஒரே சங்கிலி என்பதால் பிரிந்தோடவும் முடியாது. ஆகவே முனைகள் மட்டும் சில பத்து நனோமீற்றர் அளவுத் திரள்களாகக் கூடி முடிச்சாகின்றன. வன்னி வெயிலுக்கு அவை அசையா. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகும்.

இப்படி ஒழுங்காகச் சங்கிலி கட்ட வழி திறந்தது, 1956இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் காட்டிய ‘உயிருள்ள’ பல்பகுதியாக்கம். ஒரு மூலப்பொருள் தீர்ந்தாலும் வளரும் சங்கிலியின் முனை சாகாது. அடுத்ததை ஊற்றினால் அங்கிருந்தே வளரும். ஆனால் அந்த முனை பொல்லாத நோஞ்சான்தான், துளி ஈரம் பட்டாலும் செத்துவிடும்.

தேய்ந்த அடியை எரிக்காதீர்கள். உருக்கி மறுபடி வார்க்கலாம்.