மகன் தோளில் டிரம், மரத்தடியில் அப்பா! பள்ளிக்கூட விழாவில் உருக்கம்

சென்னை, ஆக.16-

வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடம். சுதந்திர தின விழா. மாணவர்களின் 'பேண்டு' குழு முதன் முறையாக மைதானத்தில் இறங்குகிறது. பெற்றோர் கூட்டம் காலை 7 மணிக்கே வந்துவிட்டது. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி கயிற்றுக்குப் பின்னால் முட்டி மோதி நின்றது.

அந்தக் கூட்டத்தில் சேராமல் வேப்ப மரத்தடியில் ஒருவர் ஒதுங்கி நின்றார். வயது 45 இருக்கும். ஓட்டேரிக்காரர். 'பேண்டு செட்'டில் 25 வருடமாக சைடு டிரம் அடிப்பவர். மனைவி மட்டும் கயிற்றோரம் நின்றார்.

மகன் 7-ம் வகுப்பு. அவனுக்கும் சைடு டிரம்தான்!

"முன்னாடி வராதே"

முதல் நாள் ராத்திரி பையன் சொன்னானாம்: "நீ வாப்பா. ஆனா முன்னாடி வந்து நிக்காதே."

காரணம் அப்பாவுக்குத் தெரியும். அவர் சாவு ஊர்வலத்திலும் வாசிப்பார். அதைப் பார்த்த ஒருவன் பள்ளிக்கூடத்தில் கேலி பேசிவிட்டான். அதிலிருந்து "எங்க அப்பா பெயிண்டர்" என்று மற்றவர்களிடம் பையன் சொல்லி வந்தான். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? கல்யாண ஊர்வலத்தில் வாசித்தவரைக் கடைசிப் பந்தியில்தானே உட்கார வைக்கிறோம்?

அந்தப் பிழைப்பும் இப்போது குறைந்துவிட்டது. செண்டை மேளமும் டி.ஜே.யும் நிறைய கல்யாணங்களைக் கொண்டு போய்விட்டன. ஆடியில் முகூர்த்தமே கிடையாது. அம்மன் கோவில் திருவிழாக் காசில்தான் பையனுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினார்கள்.

கம்பி தளர்ந்தது

சிறப்பு விருந்தினர் வந்து சேர 8.45 ஆகிவிட்டது. (அதுவரை பிள்ளைகள் வெயிலில் காய்ந்தது தனிக்கதை!)

விசிலுக்கு முன்பு எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். பையனின் டிரம்மில் 'சர்ர்' வரவில்லை. 'டொப் டொப்' என்று தகர டப்பா மாதிரி கேட்டது. சைடு டிரம்முக்கு உயிரே அடியில் ஓடும் கம்பிகள்தான். அவை கீழ்த்தோலை ஒட்டி இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். பையன் திருகினான். அசையவில்லை. மாஸ்டரோ வரிசையின் அந்தக் கோடியில் பியூகிள் பிள்ளைகளிடம் இருந்தார்.

மரத்தடியில் நின்றவருக்குக் காது பொறுக்கவில்லை. ஆனாலும் கால் நகரவில்லை. பையனிடம் கொடுத்த வார்த்தை!

பையன் திரும்பினான். "அப்பா!" என்று கத்தினான். மைதானம் முழுக்கக் கேட்டது.

கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினார். டிரம்மை மடியில் சாய்த்து, திருகை இறுக்கினார். அரை நிமிஷ வேலை. குச்சிகளை வாங்கி ஒரு உருட்டு உருட்டினார். வரிசையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"யாருடா இவரு?"

"எங்க அப்பா. பேண்டு செட்டு வாசிக்கிறாரு."

"அவசரப்படறான்"

வாசித்தது 10 நிமிஷம். பெரிய டிரம் அடிக்கு இடது கால் விழ வேண்டும். திருப்பத்தில் 2 பேருக்கு வலது கால் விழுந்தது. ஒரு பியூகிளில் வெறும் காற்றுதான் வந்தது. பையன் ஒரு இடத்தில் உருட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டான்.

கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. கைதட்டல் பறந்தது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவசரப்படறான்" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"சும்மா இருய்யா" என்றார் மனைவி.

இன்னும் 3 டிரம்களில் கம்பி தளர்ந்து கிடக்கிறதாம். மாஸ்டர் அவரைத் தேடி வந்து கேட்டார். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிப்பதற்குள் வந்து சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.