காலையில் ஓர் அளவு, பிற்பகலில் ஓர் அளவு

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், வடக்கே அடையாற்றின் கழிமுகமும், வடமேற்கே கிண்டி தேசியப் பூங்காவின் குளங்களும் சூழ்ந்திருப்பதால், தரமணியின் பள்ளி மாணவர்கள் ஒரு நீர்நிலையை நேரில் ஆராய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பறக்கும் ரயிலில் ஏறி ஐந்தாவது நிலையமான கிரீன்வேஸ் சாலையில் இறங்கினால், குப்பையும் கட்டட இடிபாடுகளும் குவிந்து கிடந்த நிலத்தில் 58 ஏக்கரை மீட்டு 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவை எட்டிவிடலாம்; கடல் நீரும் நன்னீரும் கலக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு, மாணவர்களின் சூழலியல் கல்வியையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.

இத்தகைய களப்பயணங்களில் மாணவர்கள் முதலில் அளப்பது நீரின் அமிலத்தன்மையை. அதற்கான பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க்கு வேதியியலாளர் சோரன்சன் 1909இல் வகுத்தார். அதில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிப்பதால், 6 என்று காட்டும் நீர் 7 என்று காட்டும் நீரைவிடப் பத்து மடங்கு அமிலத்தன்மை கொண்டது என்பதை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். நிறங்காட்டித் தாள் கிடைக்காத பள்ளிக்குச் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறே போதும்: அமிலத்தில் அது சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

அமிலத்தன்மை என்றதும் அமில மழையால் மீனற்றுப் போன நார்வே, சுவீடன் ஏரிகளே பாடநூல் வழியாக நினைவுக்கு வருகின்றன. சென்னைக் குளங்களின் தலையாய நோய் அதுவன்று. இங்கே வீட்டுக் கழிவுநீர் கலந்து பாசிக்கு உரமாகிறது. வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிட, அமிலம் குறைந்து, பாசி மண்டிய குளத்தின் பி.எச். பிற்பகலில் 9ஐக்கூடத் தாண்டும். அப்போது கழிவுநீருடன் வந்த அம்மோனியா உருமாறுகிறது. பி.எச். 7இல் அதன் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 9இல், நீரின் வெப்பம் 30 டிகிரியாக இருந்தால், அது பாதியை நெருங்கிவிடும். மீனுக்கு இங்கே ஆபத்து அமிலத்தால் அன்று, காரத்தால் வருகிறது.

இரவில் நிலைமை தலைகீழாகிறது. வெளிச்சமின்றி ஒளிச்சேர்க்கை நின்றுவிட, பாசியும் பாக்டீரியாவும் மீனும் ஒருங்கே சுவாசித்து ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போவதால், விடியலுக்குச் சற்று முன்புதான் குளம் மூச்சுத் திணறுகிறது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறப்பதும் அந்நேரத்தில்தான். பள்ளிப் பேருந்து வந்து சேரும் பதினொரு மணிக்கு, அதே நீர் நலமாக இருப்பதுபோல் தோற்றமளிக்கும். ஒரே நேரத்தில் எடுத்த ஒரே அளவைக் கொண்டு குளத்துக்குச் சான்றிதழ் வழங்குவது தவறு. விடிந்ததும் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை அளந்தால்தான் அதன் உண்மை நிலை புலப்படும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அறிய வேதியியலாளர் விங்க்லர் 1888இல் கண்ட முறை இன்றும் பயன்படுகிறது. காற்றுக் குமிழி ஒன்றுகூடப் புகாமல் கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் ஆசிரியர் சேர்க்க, ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வண்டல் படியும். இல்லையெனில் அது வெள்ளையாகவே நிற்கும். மீன் வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்துள்ளது.

கருவி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. அடிச்சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் அலசினால், பலவகைத் தும்பிகளின் இளம்புழுக்கள் தென்படும் குளம் ஓரளவு நலமானது. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் ஹீமோகுளோபின் துணையால் பிழைக்கும் சிவப்பு இரத்தப்புழு மட்டுமே நெளிந்தால், அங்கே கழிவு தேங்கியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். பி.எச். அளவையோ கரையிலேயே எடுத்துவிட வேண்டும்; பையில் வைத்த புட்டியின் இருட்டிலும் பாசி சுவாசித்துக்கொண்டே இருப்பதால், தரமணிக்குத் திரும்பியபின் அளக்கப்படும் நீர் குளத்தில் மொண்ட நீராக இருக்காது.