மெத்தை வீட்டின் மேன்மை

வெயிலையும் மழையையும் அறிந்து இல்லம் அமைப்பதே கட்டடக் கலையின் முதற் பாடம். ஆங்கில நாட்டுச் சிற்றூர்களின் பழைய வீடுகளைப் படங்களில் கண்டிருப்பீர்கள். மழையும் பனியும் தங்காமல் வழிந்தோட, அவற்றின் கூரைகள் செங்குத்தாகச் சரிந்திருக்கும். அந்த ஆங்கிலேயரே சென்னைக்கு வந்தபின், நம் நாட்டு வெயிலுக்கேற்பத் தட்டையான மாடியும் அகன்ற தாழ்வாரமும் உடைய தோட்ட வீடுகளைக் கட்டினர். 1790-களில் ஜேம்ஸ் பிராடி அடையாற்றங்கரையில் கட்டிய மாளிகை, இன்று ‘தென்றல்’ என்னும் பெயருடன் இசைப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளின் பழைய தெருக்களிலும் மெத்தை வீடுகள் சில உள்ளன. அவற்றின் மேற்தளத்தை ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ என்பர். அது எவ்வாறு அமைகிறது என்று காண்போமா?

முதலில் சுவர்களின்மேல் தேக்கு உத்திரங்களையும், அவற்றின் குறுக்கே சிறு மரங்களையும் வரிசையாக வைப்பர். பின்னர் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, ஒரு மூலையிலிருந்து சாய்வாக, செங்குத்தாக நிறுத்தி ஒட்டிக்கொண்டே செல்வர். ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்குவதால், கீழே பலகை முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதித்துப் பூசுவர்.

தளத்தை அடிக்கும் கடினமான வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். வீட்டு முகப்பில் உரிமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டது; அப்பெண்களின் பெயரை எழுதி வைத்தவர் எவருமில்லை!

இத்தளம் தடிமனானது, ஆதலால் பகல் வெப்பம் அறைக்குள் இறங்கத் தாமதமாகும். உயரமான கூரையும் முற்றத்துக் காற்றும் துணை செய்ய, சித்திரையிலும் வீடு குளிர்ச்சியாக இருக்கும். மெல்லிய கான்கிரீட் தளத்தின் கீழ் மின்விசிறி சுழன்றும் இரவில் வியர்வையில் நனையும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டாமா?

குறையும் உண்டு. மாடியில் நீர் தேங்கிக் கசிந்தால், சுவருக்குள் இருக்கும் மர நுனிகள் உளுத்துப் போகும், கறையானும் சேரும். ஆனால் பழுதான மரத்தை மட்டும் மாற்றிச் செப்பனிட இயலும். அதனை அறிந்த கொத்தனார்களோ அருகி வருகின்றனர். பழுது பார்க்க ஆளின்றி, நல்ல வீடுகளும் இடிபடுகின்றன.

தோழியரே! உங்கள் தெருவில் மெத்தை வீடு இருந்தால் அண்ணாந்து பாருங்கள். முதிய கொத்தனாரோ, தளம் அடித்த பாட்டியோ இருந்தால் அருகமர்ந்து கேட்டுக் குறித்து வையுங்கள். வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். கட்டும் அறிவு மறைந்தால் யாரிடம் கேட்போம்?